பத்தாண்டு விசாவும் பாதியாண்டுக் கணக்கும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில், ஓமலூர் தொடங்கிப் பரமத்தி வேலூர் வரையுள்ள ஊர்களில், பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் பெற்றோரிடையே ஒரு கருத்து யாரும் மறுக்காத உண்மையாக நிலைபெற்றிருக்கிறது. பாஸ்போர்ட்டில் பத்தாண்டு விசா ஒட்டப்பட்டுவிட்டால், ஆண்டுக்கு ஆறு மாதம் பிள்ளை வீட்டிலும் மீதி ஆறு மாதம் ஊரிலுமாக இருந்துகொண்டு, மறு ஆண்டும் அவ்வாறே போய்வர அமெரிக்கச் சட்டம் உரிமை தருகிறது என்பதும், 180 நாளைத் தாண்டாத வரை எந்த அதிகாரியும் தடுக்க முடியாது என்பதுமே அக்கருத்து. டிக்கெட் போட்டுத் தரும் டிராவல்ஸ்காரர் இதையே சொல்கிறார்; ஏற்கெனவே மூன்று முறை போய்வந்த சம்பந்தி இதையே சொல்கிறார்; கலிபோர்னியாவில் இருக்கும் மகனும் நண்பர்கள் சொன்னதாக இதையே சொல்கிறார். இத்தனை பேர் ஒரே குரலில் சொல்லும் இந்தக் கணக்கு அமெரிக்கச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இல்லை. அதை நம்பி நடப்பதன் விலையையோ முதிய பெற்றோரே தனியாக நின்று கொடுக்க வேண்டியிருக்கிறது.

இக்கருத்து இங்கே இவ்வளவு ஆழமாக வேர்பிடித்ததற்குக் காரணம் உண்டு. நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்தின் விடுதிப் பள்ளிகளும் திருச்செங்கோடு, சேலம் பகுதிகளின் பொறியியல் கல்லூரிகளும், கோழிப் பண்ணையிலும் லாரியிலும் ரிக் வண்டியிலும் தறிப் பட்டறையிலும் மரவள்ளிக் காட்டிலும் ஈட்டிய பணத்தைப் படிப்பாக மாற்றி, ஒரு தலைமுறையையே மென்பொருள் வேலைக்கு அனுப்பிவைத்தன. அத்தலைமுறைக்கு இப்போது குழந்தைகள் பிறந்து வளர்கின்றன. மகளின் பிரசவத்துக்கு என்று முதல் முறையும், குழந்தை நடை பழகும் வரை துணைக்கு என்று இரண்டாம் முறையும், இரண்டாவது பிரசவத்துக்கு என்று மூன்றாம் முறையும் பயணம் அமைகிறது. சித்திரை வெயிலில் கிளம்பிப் பனிக்கு முன் தீபாவளியை ஒட்டித் திரும்புவதே பலரது வழக்கம். ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ என்று எடைபோட்டு, சுக்கும் வசம்பும் பருப்புப் பொடியும், ஆறு மாதத்துக்கான பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் அடுக்கிக்கொண்டு, இரவோடு இரவாகத் தொப்பூர் கணவாய் ஏறிப் பெங்களூர் விமான நிலையத்துக்குச் செல்லும் இவர்களுள் எவரும் சட்டத்தை மீற நினைப்பவர் அல்லர். தாம் சட்டப்படியே நடப்பதாக உறுதியாக நம்புவதால்தான் இவர்கள் ஆபத்தை உணராமல் இருக்கிறார்கள்.

விசாவும் தங்கும் அனுமதியும் ஒன்றே என்று எண்ணுவது இந்நம்பிக்கையின் முதற்பிழை. சென்னை ஜெமினி மேம்பாலத்தின் அருகிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் வழங்கும் பி-2 விசா, அதாவது உல்லாசப் பயணத்துக்கும் உறவினரைக் காண்பதற்குமான விசா, அமெரிக்க நுழைவிடம் ஒன்றுக்குச் சென்று உள்ளே விடும்படி கேட்பதற்கான தகுதிச் சீட்டு மட்டுமே. உள்ளே விடுவதா, விட்டால் எந்தத் தேதி வரை என்பதை முடிவு செய்பவர் அங்கே விமான நிலையச் சாளரத்தில் அமர்ந்திருக்கும் சுங்க, எல்லைப் பாதுகாப்பு அதிகாரி. அவர் பதிவு செய்யும் தேதியே ஐ-94 எனப்படும் வருகைப் பதிவில் ஏறுகிறது. விசாவில் அச்சிடப்பட்ட பத்தாண்டு எல்லை எந்த நாள் வரை வந்து கேட்கலாம் என்பதைச் சொல்கிறது. ஐ-94 தேதியோ எந்த நாளுக்குள் வெளியேற வேண்டும் என்பதைச் சொல்கிறது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி ஓட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்க வேண்டும்: நேஷனல் பெர்மிட் வைத்திருக்கும் வண்டியையும் வழியில் நிறுத்தி, எஃப்.சி.யையும் ஏற்றிய பாரத்தையும் பார்த்துத் திருப்பி அனுப்பும் அதிகாரம் போக்குவரத்து அலுவலருக்கு உண்டு. ஒவ்வொரு வருகையும் சட்டத்தின் கண்ணில் புதிய விண்ணப்பம். தகுதியை மெய்ப்பிக்கும் பொறுப்பு வருபவருடையது.

ஆறு மாதம் என்பது உரிமை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதும் ஆராயத்தக்கது. அமெரிக்க விதித்தொகுப்பின்படி, தகுதியுள்ள பி-2 பயணி எவ்வளவு குறைந்த காலம் கேட்டாலும் அவருக்குப் பொதுவாக ஆறு மாதம் அனுமதி கொடுக்கப்படுகிறது. அதைக் குறைக்க வேண்டுமானால் அதிகாரி தம் மேலதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும். மகன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு மூன்று வாரம் வருபவருக்கும் ஆறு மாதமே பதிவாகிறது. பேரக் குழந்தைக்காக ஆறு மாதம் இருக்க வருபவருக்கும் அதே ஆறு மாதம்தான். கால நீட்டிப்பு விண்ணப்பங்கள் குவியாமல் இருப்பதற்காக நிர்வாகம் செய்துகொண்ட இந்த ஏற்பாட்டை, ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒதுக்கீடாகப் படிப்பதற்கு அவ்விதியில் ஒரு சொல்லும் இடம் தரவில்லை. இந்த ஆறு மாதமும் அசைக்க முடியாத ஒன்றன்று. 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு, 2002இல் இதை நீக்கிப் பொதுவாக 30 நாள் மட்டுமே தருவதென்று அன்றைய குடியேற்றத் துறை வரைவு விதி ஒன்றை வெளியிட்டதும் உண்டு. அது நடைமுறைக்கு வரவில்லை என்பது இங்குள்ள பெற்றோரின் நற்பேறு.

180 என்ற எண்ணின் கதை இன்னும் சிக்கலானது. வெவ்வேறு விதிகளில் வெவ்வேறு நோக்கத்துக்காக இடம்பெற்ற ஒரே எண்ணை மக்கள் பேச்சு ஒன்றாகக் குழைத்துவிட்டது. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதிக் காலம் முடிந்த பிறகும் 180 நாளுக்கு மேல் தங்கி வெளியேறுபவருக்கு மூன்றாண்டுத் தடையும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்குபவருக்குப் பத்தாண்டுத் தடையும் விழுகின்றன. இந்த 180 தவறிழைத்த பின் எண்ணத் தொடங்கும் நாள் கணக்கு. நிரந்தர வசிப்புரிமை அட்டை, அதாவது கிரீன் கார்டு, வைத்திருப்பவர் 180 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்தால், திரும்பும்போது புதிதாக அனுமதி கேட்பவராகக் கருதப்படுகிறார்; இந்த 180 அமெரிக்காவை விட்டு விலகியிருக்கும் நாள் கணக்கு. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள் மட்டுமே தங்கலாம். அது ஐரோப்பாவின் கணக்கு. ஐக்கிய அரபு அமீரகத்தின் ஐந்தாண்டுச் சுற்றுலா விசாவில் ஆண்டுக்கு 180 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்ற வரம்பு உண்டு. துபாயில் இருந்துவிட்டு வந்த உறவினர் சொல்லும் கணக்கு அது. பி-2 விசாவில் வருபவர் ஓராண்டில் மொத்தம் இத்தனை நாள் தங்கலாம் என்று வரையறுக்கும் விதி எதுவும் அமெரிக்கச் சட்டத்தில் கிடையாது.

வரையறை இல்லை என்றால் தடையும் இல்லையே என்று சிலர் இங்கே வாதிடக் கூடும். இவ்வாதத்தின் அடிப்படையே தவறானது. எண்ணால் அளக்கப்படாத இடத்தில் சட்டம் வாழ்க்கையை அளக்கிறது. 1952ஆம் ஆண்டுக் குடியேற்ற, தேசிய உரிமைச் சட்டம் பார்வையாளரை இலக்கணப்படுத்தும்போது, கைவிடும் எண்ணம் இல்லாத குடியிருப்பை அயல்நாட்டில் உடையவர் என்றும், தற்காலிகமாக வருபவர் என்றும் கூறுகிறது. அதே சட்டத்தின் 214(பி) பிரிவு, விசா கேட்பவரும் நுழைவு கேட்பவரும் தாம் குடியேற வந்தவர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் வரை அவர்களைக் குடியேற வந்தவராகவே கருதச் சொல்கிறது. எனவே அதிகாரி கேட்க வேண்டிய கேள்வி, இந்த மனிதர் எங்கே வாழ்கிறார் என்பதுதான். ஆண்டில் ஆறு மாதம் நியூஜெர்சியிலும் ஆறு மாதம் ராசிபுரத்திலும் இருப்பவர், ராசிபுரத்தில்தான் வாழ்கிறேன் என்று சொல்லும்போது, அவரது பயண வரலாறு அச்சொல்லுக்குத் துணைநிற்பதில்லை. சிட்டா அடங்கல் நகலும் வங்கிக் கணக்கு அறிக்கையும் சொத்து இங்கே இருப்பதைக் காட்டும். ஆள் இங்கே இருப்பதைக் காட்டா. கோழிப் பண்ணையை இரண்டு ஆண்டாகப் பாதி நாள் மேஸ்திரியே பார்த்துக்கொள்கிறார் என்றால், அந்தப் பண்ணை உரிமையாளரை ஊருக்கு இழுக்கும் கட்டு என்ற வாதம் வலுவிழக்கிறது. பாதிக்குப் பாதி என்ற சமன்பாடு பாதுகாப்பான எல்லை என்று நம்பப்படுகிறது. உண்மையில் ஐயம் தொடங்கும் இடமே அதுதான்.

இக்கோட்பாட்டை ஒளிவுமறைவின்றி எழுதிவைத்த நாடு பிரிட்டன். அங்கும் பத்தாண்டு வரை செல்லும் பார்வையாளர் விசா உண்டு. ஒவ்வொரு வருகைக்கும் பொதுவாக ஆறு மாதம் என்ற எல்லை உண்டு. ஓராண்டில் இத்தனை மாதம் என்ற மொத்தக் கணக்கு அங்கும் இல்லை. ஆயினும், அடிக்கடி அல்லது தொடர்ச்சியாக வருவதன் வழியே நீண்ட காலம் அந்நாட்டில் வாழவோ அதைத் தம் முதன்மை இல்லமாக ஆக்கிக்கொள்ளவோ கூடாது என்று அந்நாட்டின் பார்வையாளர் விதிகள் வெளிப்படையாகவே கூறுகின்றன. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் உறவினரைப் பற்றியும் அங்கே வழிகாட்டல் உண்டு: வருகை குறுகியதாகவும், கூலிக்கு வைத்த ஆயாவின் வேலைக்கு நிகராகாததாகவும் இருக்கும் வரை அது ஏற்கப்படுகிறது. அமெரிக்க அதிகாரிகளும் ஏறத்தாழ இதே திசையில்தான் சிந்திக்கிறார்கள். பேரக் குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்வதை எவரும் வேலை என்று சொல்வதில்லை. ஆனால் டே-கேருக்குக் கட்ட வேண்டிய பணத்தை மிச்சப்படுத்தவே பாட்டி ஆண்டுதோறும் வரவழைக்கப்படுகிறார் என்ற எண்ணம் அதிகாரிக்கு எழுந்தால், அடுத்த கேள்விகள் கடுமையாகும்.

இவ்வளவையும் கேட்ட பின் எழும் மறுமொழி எப்போதும் ஒன்றுதான்: எத்தனையோ பேர் இப்படிப் போய்வந்துகொண்டிருக்கிறார்கள், யாருக்கு என்ன ஆயிற்று? இம்மறுமொழியில் பாதி உண்மை இருக்கிறது. ஆறு மாதம் போய் ஆறு மாதம் கழித்து மறுபடி போனவருள் மிகப் பலர் தடையின்றி உள்ளே விடப்பட்டிருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நல்லபடியாகப் போய்வந்தவரே கல்யாண மண்டபத்தில் அதைப் பற்றிப் பேசுகிறார். திருப்பி அனுப்பப்பட்டவர் உடல்நிலை சரியில்லாததால் வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். இரண்டாம் கட்ட விசாரணை அறைக்கு அனுப்பப்படுவதை இங்குள்ளோர் கற்பனை செய்து பார்ப்பதில்லை. ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் பயணம் செய்து கால் வீங்கி இறங்கும் 66 வயதுப் பெண், ஆங்கிலம் தெரியாத நிலையில், வெளியே காத்திருக்கும் மகனோடு பேசவும் முடியாமல், தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் துணையோடு, சென்ற முறை எத்தனை நாள் இருந்தீர், இந்த முறை எதற்கு, ஊரில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். அந்த அறையில் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. நுழைவு விண்ணப்பத்தைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டு அடுத்த விமானத்தில் திரும்புவது நடக்கக் கூடியவற்றுள் மென்மையான முடிவு. விரைவு வெளியேற்ற ஆணை பிறப்பிக்கப்பட்டால் ஐந்தாண்டுத் தடையும் சேர்ந்து வருகிறது. 180 நாளுக்குக் குறைவாகத்தானே இருந்தேன் என்ற விடை அங்கே எவ்வித மதிப்பும் பெறுவதில்லை. வருகைப் பதிவுகள் 2013 முதல் மின்னணு முறைக்கு மாறிவிட்டதால், பழைய வருகைகளின் நாட்கள் எல்லாம் அதிகாரியின் திரையில் ஏற்கெனவே தெரிகின்றன.

தூதரகத்தில் விசா மறுக்கப்பட்டால் நீதிமன்றம் போகலாம் என்ற எண்ணமும் சிலரிடம் உண்டு. விசா அதிகாரியின் முடிவை அமெரிக்க நீதிமன்றங்கள் பொதுவாக ஆய்வு செய்வதில்லை. 2024இல் முனோஸ் வழக்கில், அமெரிக்கக் குடிமகளின் கணவருக்கே விசா மறுக்கப்பட்ட நிலையிலும், அவரை நாட்டுக்குள் வரவழைக்கும் அடிப்படை உரிமை மனைவிக்கு இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்றோரின் நிலை இதனினும் வலுவானதாக இருக்க முடியாது. பழைய விசாவைப் புதுப்பிப்பதும் முன்போல் இல்லை. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி 79 வயதைக் கடந்தோரும் பெரும்பாலும் நேர்காணலுக்கு வர வேண்டும். முழுக் கால விசா முடிந்து 12 மாதத்துக்குள் புதுப்பிப்போர் போன்ற சிலருக்கே விலக்கு. கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ ஒரு நடை போய்வந்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்ற யோசனையையும் சிலர் சொல்லித் தருகிறார்கள். அந்த அண்டை நாடுகளுக்குச் சென்று 30 நாளுக்குள் திரும்புபவருக்குப் பழைய ஐ-94 தேதியே தொடர்வது வழக்கம் என்பதால் அதுவும் பயனற்ற யோசனையே.

குடியேற்றச் சட்டத்தைத் தப்பினாலும் வருமான வரிச் சட்டம் காத்திருக்கிறது என்பது இவ்வட்டாரத்தில் ஏறக்குறைய எவரும் பேசாத செய்தி. அமெரிக்க வரிச் சட்டத்தில் கணிசமான இருப்புச் சோதனை என்றொரு கணக்கு உண்டு: நடப்பாண்டில் குறைந்தது 31 நாள் அங்கே இருந்தவருக்கு, நடப்பாண்டின் நாட்கள் முழுமையாகவும், முந்தைய ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கும், அதற்கு முந்தைய ஆண்டின் நாட்களில் ஆறில் ஒரு பங்கும் கூட்டப்படும், கூட்டுத்தொகை 183ஐத் தொட்டால் அவர் வரி நோக்கில் அமெரிக்காவில் வசிப்பவர். மூன்றாண்டு தொடர்ந்து 180 நாள் இருந்தவரின் கணக்கு 180, 60, 30 என்று கூடி 270 ஆகிறது. அப்போது சேலத்துக் கடை வாடகையும், வைப்புத்தொகை வட்டியும், பண்ணை வருமானமும் அமெரிக்க வரித்துறைக்குக் காட்ட வேண்டியவை ஆகின்றன. தம் வாழ்க்கைப் பிணைப்பு இந்தியாவோடுதான் நெருக்கமானது என்று 8840 என்ற படிவத்தில் அறிவித்து விலக்குப் பெற வழி உண்டு; ஆனால் அந்த ஆண்டில் மட்டுமே 183 நாள் இருந்துவிட்டால் அவ்வழி அடைபட்டு, 1989இல் கையெழுத்தான இந்திய, அமெரிக்க வரி ஒப்பந்தத்தை நாட வேண்டியிருக்கும். ஏப்ரல் 1 அன்று இறங்கிச் செப்டம்பர் 30 அன்று விமானம் ஏறுபவர் அங்கே இருக்கும் நாட்கள், வந்த நாளும் கிளம்பிய நாளும் சேர, சரியாக 183. வெயிலுக்குப் போய்ப் பனிக்குமுன் திரும்பும் வழக்கம் எந்த எல்லைக்கோட்டின் மேல் நடக்கிறது என்பதை இந்த ஓர் எண் காட்டும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று எஞ்சியிருக்கிறது; அதற்குரிய மதிப்போடு அதை எதிர்கொள்ள வேண்டும். முதுமையில் ஒரே மகனோடு இருக்க நினைப்பது குற்றமா, வேறு வழியைச் சட்டம் வைத்திருக்கிறதா என்று கேட்கிறார்கள். குற்றமில்லை, வேறு வழியோ மிக நீண்டது. பெற்றோருக்குக் குடியேற்ற விசா கோரும் உரிமை 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உண்டு. கிரீன் கார்டு பெற்ற பிள்ளைக்கும் அது இல்லை. எச்-1பி வேலை விசாவில் இருக்கும் இந்தியருக்கோ, எந்த நாட்டினருக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற வரம்பின் காரணமாக, கிரீன் கார்டுக்கான வரிசையே பத்தாண்டைக் கடக்கிறது; அதன் பிறகு குடியுரிமைக்குப் பொதுவாக ஐந்தாண்டு. முப்பது வயதில் வரிசையில் நின்ற மகன் பெற்றோருக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறும்போது அவர்கள் எழுபதைத் தாண்டியிருப்பார்கள். கிடைத்த பிறகும் கிரீன் கார்டை வைத்துக்கொண்டு ஊரிலேயே பெரும்பகுதி இருப்பவர் அதை இழக்க நேரும். அங்கே வாழ்பவருக்கு விசிட்டர் விசா பொருந்தாததுபோலவே இங்கே வாழ்பவருக்குக் கிரீன் கார்டும் பொருந்தாது.

இது அநீதி என்றே சொல்ல வேண்டும். ஒரு நாடு பொறியாளரின் உழைப்பை இருபதாண்டுக் காலம் பெற்றுக்கொண்டு, அவரது தாய்க்கு ஒரு பெயர் வைத்த அனுமதியைக்கூடத் தராதிருப்பது நியாயமாகாது. நியாயமான ஏற்பாடு நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொல்லவும் முடியாது. கனடா 2011 டிசம்பரில் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் சூப்பர் விசா என்ற தனி விசாவைத் தொடங்கி, 2022 ஜூலை முதல் ஒரே வருகையில் ஐந்தாண்டு தங்க இடமளித்தது. பிள்ளையின் வருமானத்துக்குக் கீழ்வரம்பும், குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடும், மருத்துவப் பரிசோதனையும் அதன் நிபந்தனைகள். ஆஸ்திரேலியா 2019இல் பெற்றோருக்கென்று மூன்று அல்லது ஐந்தாண்டுத் தற்காலிக விசாவைக் கொண்டுவந்தது. கட்டணம் கூடுதல்தான், ஆனாலும் அவ்விசாவில் வரும் தாய் சாளரத்தில் நின்று தயங்காமல் மகனோடு இருக்க வந்தேன் என்று சொல்ல முடிகிறது. அமெரிக்கச் சட்டம் அந்த வாயிலைத் திறக்க வேண்டும் என்று அங்குள்ள தமிழ்ச் சங்கங்களும் இங்குள்ள நாடாளுமன்ற உறுப்பினர்களும் கேட்பதே முறையான போராட்டம். விசிட்டர் விசாவுக்குள் அவ்வுரிமை ஏற்கெனவே ஒளிந்திருப்பதாகப் பெற்றோரை நம்பவைப்பது அந்தப் போராட்டத்துக்கே தடை. குறை இருப்பதாகத் தெரியாதவர் கோரிக்கை எழுப்புவதில்லை.

சட்டம் மாறும் வரை செய்யக் கூடியவை இல்லாமல் இல்லை. சம்பந்திகள் இரு தரப்பினரும் முறை வைத்து, ஓராண்டு மகளின் பெற்றோரும் மறு ஆண்டு மருமகனின் பெற்றோருமாகச் செல்வது இவ்வூர்களில் பல குடும்பங்களில் ஏற்கெனவே இருக்கும் வழக்கம். வருகைப் பதிவு ஆளுக்கு ஆள் தனித்தனியானது என்பதால், ஒருவர் இரண்டாண்டுக்கு ஒருமுறை நான்கைந்து மாதம் தங்குவது ஆண்டுதோறும் ஆறு மாதம் தங்குவதை விட எவ்வளவோ உறுதியான நிலை. தவிர்க்க முடியாத மருத்துவக் காரணத்தால் கூடுதல் நாள் தேவைப்பட்டால், ஐ-94 தேதி முடியும் முன்பே ஐ-539 படிவத்தில் நீட்டிப்புக் கேட்கலாம். அதன் பிறகு ஊரில் நீண்ட காலம் இருந்தாக வேண்டும். அயலகத் தமிழர் நலனுக்கென்று தனித் துறையே வைத்திருக்கும் தமிழ்நாடு அரசு, வேலைக்குச் செல்வோருக்கு எச்சரிக்கை விடுப்பதோடு நில்லாமல், பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோருக்காக நாடுவாரியாக இந்த விதிகளை எளிய தமிழில் அச்சிட்டு, சேலம், நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலும் பாஸ்போர்ட் சேவை மையங்களிலும் கிடைக்கச் செய்யலாம். டிக்கெட் போடும் முன் பிள்ளைகள் பெற்றோரோடு அமர்ந்து, சென்ற வருகையில் எத்தனை நாள் இருந்தார்கள், அதன் பிறகு ஊரில் எத்தனை மாதம் இருந்தார்கள், திரும்பும் தேதி எது, இடைக்காலத்தில் பண்ணையையும் காட்டையும் பார்ப்பவர் யார் என்று எழுதிப் பார்ப்பதற்கு அரை மணி நேரம்கூடப் பிடிக்காது. அவ்விடைகளில் ஊரில் இருந்த காலம் அங்கே இருந்த காலத்தை விடத் தெளிவாக அதிகம் இல்லையென்றால், அந்த ஆண்டு டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டும்.